இடுப்புக்கு ஓர் ஆள்மாறாட்டம்

தன் இடுப்பு வலிக்கிறது என்பது இனிமேல் தனக்குக்கூடத் தெரியக்கூடாது என்று பெலார்மீனோ முடிவு செய்தார்.

முடிவு எடுத்த நேரம் காலை ஏழேகால். எடுத்த இடம் கட்டில் விளிம்பு. வலது காலுறை கட்டைவிரலில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அது வரவும் இல்லை, இவரால் குனியவும் முடியவில்லை. கையும் காலும் ஒரே உடம்பில்தான் இருந்தன. ஆனால் மூன்று மாதமாக இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வலது இடுப்பு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றை ஒன்று பார்க்க விடமாட்டேன் என்றது.

வயது எழுபத்து மூன்று. வால்பராய்சோ துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். இருபது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலுக்குள் முட்டை வைப்பதுபோல வைத்தவர். இப்போது ஒரு காலுறையைக் கணுக்கால் வரை தூக்க முடியவில்லை.

"என்ன கிழவா, அங்கே என்ன பண்றே?" சமையலறையிலிருந்து மனைவி சுனில்டாவின் குரல்.

"காலுறை போடுறேன்."

"அரை மணி நேரமாவா? போடுறியா, பின்னுறியா?"

பெலார்மீனோ கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வளைந்த கம்பியை எடுத்தார். காலுறையைக் கொக்கியில் மாட்டினார். பழைய தொழில் கைவிடவில்லை. நான்காவது முயற்சியில் சரக்கு இறங்கிவிட்டது.

வலியை மறைக்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்கடி அகலம், மூன்றடி உயரம். அது அவர் வீட்டு ஜன்னல்.

வீடு குன்றின் உச்சியில். தெருவிலிருந்து நூற்று நாற்பத்தெட்டுப் படி. முன்பு ஆட்களை மேலே இழுத்துவர ஒரு விஞ்ச் பெட்டி இருந்தது. அது பழுதாகி நின்று நாலு வருஷம். ஆனால் அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். தினமும் காலையில் பைனாகுலரோடு உட்கார்ந்து, கீழே கிரேன் ஓட்டும் பையன்களை ஒவ்வொருவராகத் திட்டுவார். "இடது பக்கம்டா முட்டாள்! இடது பக்கம்!" என்று கத்துவார். ஒன்றரை மைல் தள்ளி இருக்கும் அவனுக்குக் கேட்காது. சில சமயம் அவன் தற்செயலாக இடது பக்கம் திருப்புவான். அன்றைக்குப் பெலார்மீனோவுக்கு இரண்டு ரொட்டி கூடுதலாக இறங்கும்.

சுனில்டாவுக்கோ லிமாச்சேக்குக் குடிபோக ஆசை. அவள் தங்கை உபால்தீனா அங்கே இருந்தாள். தங்கை வீட்டுக்குப் பின்னால் இரண்டறை வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. படி கிடையாது, மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. தக்காளியைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும், அவ்வளவு சமதளம். குறை ஒன்றுதான். கடல் இல்லை. ஒரு தடவை அங்கே போனபோது பெலார்மீனோ பைனாகுலரை எடுத்துக் கூரைமேல் ஏறிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். அதற்கும் அடுத்த தோட்டத்துத் தக்காளி தெரிந்தது.

ஆகவே இடுப்பு வலிக்கவில்லை. வலிக்கவே கூடாது. வலிக்கிறது என்று வாயைத் திறந்த மறுநாள் சுனில்டா பெட்டி கட்டிவிடுவாள்.

மறைக்கும் வேலையை அவர் முறையாகச் செய்தார். படியேறும்போது இருபது படிக்கு ஒரு தடவை நின்று கடலைப் பார்த்து, "என்ன அழகு!" என்றார். மூடுபனியில் கடலே தெரியாத நாளிலும் என்றார். நாற்காலியில் உட்காரும்போது வாயிலிருந்து தானாகக் கிளம்பும் முனகலை இருமலாக மாற்றினார். சுனில்டா பார்த்தாள். வேப்பெண்ணெய்க்கு அண்ணன் மாதிரிக் கசக்கும் ஓர் இருமல் மருந்தை வாங்கிவந்தாள். அவர் உட்காரும்போதெல்லாம் ஒரு கரண்டி ஊற்றினாள். மூன்று மாதத்தில் நான்கு பாட்டில் காலி. அதற்குப் பிறகு பெலார்மீனோ பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தார்.

நவம்பர் மாதம் சுகாதார நிலையத்திலிருந்து சீட்டு வந்தது. முதியவர்களுக்கான வருடாந்தரப் பரிசோதனை. சாயந்திரம் ஐந்து மணித் தேநீரின்போது சுனில்டா அதை உரக்கப் படித்தாள்.

"நாற்காலியிலிருந்து எழுந்திருக்கணுமாம். மூணு மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரணுமாம். அப்புறம் ஒத்தைக் கால்ல அஞ்சு செகண்டு. இந்தக் கால் ஒரு தடவை, அந்தக் கால் ஒரு தடவை."

"எதுக்கு? சர்க்கஸ்ல ஆள் எடுக்கிறாங்களா?"

"கீழே விழற ஆளா, விழாத ஆளான்னு பார்ப்பாங்களாம்."

"நான் விழற ஆள் இல்லே."

"இடுப்பு வலிக்குதா?"

"யாருக்கு?"

"இந்த மேஜையில நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். எனக்கு வலிக்கலே."

"எனக்கும் வலிக்கலே. அப்போ யாருக்கும் வலிக்கலே. அவகாடோவை இப்படித் தள்ளு."

சுனில்டா அவகாடோவைத் தள்ளவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி கிழவா. ஒரு பேச்சு. விழற ஆளுன்னு சீட்டு வந்தா லிமாச்சே. விழாத ஆளுன்னு வந்தா, நான் சாகற வரைக்கும் லிமாச்சேங்கற ஊர் பேரையே எடுக்க மாட்டேன். சம்மதமா?"

பெலார்மீனோ நெஞ்சை நிமிர்த்தினார். இடுப்பு சுருக்கென்றது. இருமினார். கரண்டி வந்தது.

"சம்மதம்" என்றார், கசப்போடு.

மறுநாள் சுனில்டா ரொட்டி வாங்கப் போன நேரத்தில் ஒத்திகை பார்த்தார். இடது காலில் நின்றபோது குறையில்லை. ஆறு செகண்டு நின்றார். சிலைபோல் நின்றார். பிறகு கால் மாற்றினார். "ஒன்று" என்று எண்ணினார். "இரண்டு" என்று சொல்வதற்குள் ஜன்னல் திரைச்சீலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். திரைச்சீலை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கம்பி யாரையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

கதவைத் திறந்த சுனில்டா, சோபாவில் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு கிடந்த கணவரைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"அழுக்கா இருந்துது. துவைக்கலாம்னு எடுத்தேன்."

"அட! நாப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா உனக்கு இப்படித் தோணியிருக்கு. தடுக்க மாட்டேன். மத்த அறையில இருக்கறதையும் எடுத்துடு."

அன்று பெலார்மீனோ ஏழு திரைச்சீலை துவைத்தார். துவைத்துக்கொண்டே யோசித்தார். ஏழாவது திரைச்சீலையைப் பிழிந்தபோது யோசனை வந்துவிட்டது.

பன்னிரண்டு படி கீழே லிசாந்த்ரோ இருந்தார். எழுபத்தொரு வயது, தனிக்கட்டை. ஐம்பது வருஷம் தகரக் கூரை போட்டவர். குன்றில் இருந்த எல்லா வீட்டுக் கூரைமேலும் பூனைகளுக்கு அடுத்தபடி அதிகம் நடந்தவர் அவர்தான்.

"யோவ் லிசாந்த்ரோ, உனக்கு ஒத்தைக் கால்ல நிக்க வருமா?"

"எந்தக் கால்ல?"

"ரெண்டுலயும்."

"ரெண்டுலயும் எல்லாரும்தான்யா நிக்கறாங்க."

"தனித்தனியாய்யா!"

விஷயத்தைக் கேட்டதும் லிசாந்த்ரோ தாடையைச் சொறிந்தார்.

"உன் அடையாள அட்டையில உன் படம் இருக்குமே?"

"பத்து வருஷத்துக்கு முந்தின படம். எழுபது தாண்டிட்டா எல்லாக் கிழவனும் ஒரே கிழவன்தான். பரிசோதிக்கற பொண்ணு ஊருக்குப் புதுசு. யாஸ்னான்னு பேரு. தெற்கே ஒசோர்னோவிலேருந்து வந்து மூணு வாரம்தான் ஆகுது. அவளுக்கு நாம எல்லாரும் ஒரே கூடை உருளைக்கிழங்கு."

"எனக்கு என்ன லாபம்?"

"ஞாயிற்றுக்கிழமை பைனாகுலர் உனக்கு."

"திங்கட்கிழமையும்."

"ஞாயிறு மட்டும்."

"அப்போ நான் ஒரு கால்லதான் நிப்பேன். இன்னொரு காலுக்கு நீ வேற ஆள் பார்த்துக்க."

ஞாயிறும் திங்களும் கைமாறின.

பரிசோதனை நாளன்று பெலார்மீனோ, "போய் ஜெயிச்சிட்டு வரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். சுகாதார நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னச் சதுக்கம். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் இல்லாததால் இருமாமல் மனம்விட்டு முனகினார். பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். கண்ணாடி ஜன்னல் வழியாகத் தன்னுடைய பரிசோதனையைத் தானே பார்த்தார்.

'பெலார்மீனோ' நாற்காலியிலிருந்து பந்துபோல் எழுந்தார். மூன்று மீட்டரை மூன்று தாவலில் கடந்தார். திரும்பி வந்து, கோட்டின் வாலை ஒதுக்கிக்கொண்டு, பியானோ வாசிக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். யாஸ்னா என்னவோ எழுதினாள். பிறகு 'பெலார்மீனோ' வலது காலில் நின்றார். அவள் விரல்விட்டு எண்ணினாள். ஐந்து ஆனது, அவர் இறங்கவில்லை. பத்து ஆனது, கையைக் கட்டிக்கொண்டார். முப்பதில் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றி, ஒற்றைக் காலிலேயே குவேக்கா நடனத்தில் ஒரு சுற்று சுற்றினார். யாஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இறங்குயா பாவி, போதும்!" என்று பெலார்மீனோ பல்லைக் கடித்தார். ஆனால் உள்ளூர ஒரு பெருமிதம். இந்த வயதில் தன் உடம்பு இவ்வளவு நல்ல நிலையில் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

லிசாந்த்ரோ சீட்டோடு வெளியே வந்தார். கீழே விழும் ஆபத்து: இல்லை. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது.

"அந்தப் பொண்ணு இன்னொண்ணும் கேட்டாய்யா. இடுப்புல வலி உண்டான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கேது வலி? இல்லேன்னேன். நல்லதுன்னா. வயசானவங்க வயசாறதால மட்டும் விழறதில்லையாம். இடுப்பு வலிக்கறவன் காலை பயந்து பயந்து வைக்கிறானாம். பாரத்தை எல்லாம் மத்த கால்மேல போடுறானாம். புத்தி பூரா இடுப்புல இருக்கும், படியில இருக்காது. அப்படி வலியை மறைச்சுக்கிட்டுத் திரியறவன்தான் முதல்ல விழுவானாம்."

"உன்னை நிக்கத்தானே அனுப்பினேன்? பாடம் கேக்கவா அனுப்பினேன்?"

"சொன்னா கேட்டுக்கவேண்டியதுதான். பாவம், உன் இடுப்புக்காகத்தான் சொன்னா" என்ற லிசாந்த்ரோ பைனாகுலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்று திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் பெலார்மீனோ சீட்டை மேஜைமேல் அரசாங்க ஆணைபோல வைத்தார். சுனில்டா கண்ணாடி போட்டு ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். தோற்றவள் இப்படி முத்தமிடுவதில்லை.

"மாதாவே! கேட்டுட்டியே தாயே!" என்று சுனில்டா சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"மாதா எதைக் கேட்டுட்டா?"

"லோ வாஸ்கெஸ் மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன் கிழவா. என் புருஷன் கால்ல ஒரு குறையும் இல்லேன்னு சீட்டு வந்தா, டிசம்பர் எட்டாம் தேதித் திருவிழாவுக்கு அவனை நடந்தே வரச் சொல்றேன்னு."

பெலார்மீனோவுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. இருமல் மருந்து நினைவுக்கு வந்தது. நின்றார்.

"முப்பது கிலோமீட்டர்!"

"முப்பத்தொண்ணு. நான் ஒன்பது தடவை நடந்திருக்கேன்."

"நேர்ந்தது நீ. நீயே நட."

"நேர்ந்தது உன் காலுக்கு. என் காலை வச்சு எப்படி அடைக்கறது? அடுத்த வீட்டுக்காரன் பட்டினி கிடந்தா உன் நோன்பு கழியுமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேனே. இடுப்பு வலிக்குதான்னு கேட்டேன். யாருக்குன்னு கேட்டே."

பெலார்மீனோ கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் ஜன்னல் போய்விடும். சொல்லாவிட்டால் இடுப்பு போய்விடும். இதற்கு நடுவில் நிற்க அவரிடம் மூன்றாவது கால் இல்லை.

நேர்த்திக்கடனை ஏமாற்றவும் பயம். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவன், லோ வாஸ்கெஸுக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டு பாதி வழியில் பஸ் ஏறினான். அடுத்த வாரம் அவன் மாமியார் இரண்டு நாள் தங்கிப்போக வந்தாள். பதினாறு வருஷம் தங்கினாள்.

சாயந்திரத்துக்குள் விஷயம் குன்று முழுக்கப் பரவிவிட்டது. சுனில்டா அந்தச் சீட்டை ரொட்டிக் கடைக்காரியிடம் காட்டினாள். அதற்குமேல் யாரிடமும் காட்டத் தேவைப்படவில்லை. முதலில் அடுத்த வீட்டு எர்சீலியா மெழுகுவர்த்தியோடு வந்தாள்.

"பெலார்மீனோ ஐயா, என் சார்பா இதையும் ஏத்திடுங்க. எனக்கு முட்டி சரியில்லே. உங்களுக்கு அரசாங்கமே சீட்டு குடுத்திருக்கே!"

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முட்டிவலிக்காரர்கள், முதுகுவலிக்காரர்கள், கண்புரைக்காரர்கள். ஐந்தாம் தேதிக்குள் பதினேழு மெழுகுவர்த்தி சேர்ந்துவிட்டது. குன்றிலுள்ள நோய்கள் எல்லாம் அவர் இடுப்பின்மேல் ஏறி லோ வாஸ்கெஸுக்குப் புறப்படத் தயாராக இருந்தன.

சுனில்டா பயிற்சி கொடுத்தாள். "சீட்டு வாங்கின ஆளுக்கு இது என்ன!" என்று காலையில் ஒரு தடவை கீழே அனுப்பினாள், உப்பு வாங்க. மேலே வந்ததும் மறுபடி அனுப்பினாள், வாங்கிய உப்பு கல்லுப்பு என்று. பெலார்மீனோ இருபது படிக்கு ஒரு தடவை நின்றது போய், பத்துப் படிக்கு ஒரு தடவை "என்ன அழகு!" என்றார். பிறகு படிக்குப் படி என்றார்.

ஆறாம் தேதி கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சுனில்டா, எனக்குக் காய்ச்சல்."

அவள் நெற்றியில் கை வைத்தாள். "நல்லது. வேர்த்தா இறங்கிடும். முப்பத்தொரு கிலோமீட்டர்ல எப்படியும் வேர்க்கும்."

"வழியில செத்துட்டேன்னா?"

"மாதாகிட்டப் போற வழியில செத்தா நேரா சொர்க்கம். எல்லாருக்கும் கிடைக்குமா? நீ கொடுத்து வச்சவன்."

ஏழாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் குன்றே வாசலில் கூடிவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. பெலார்மீனோவின் முதுகில் ஒரு பை, பைக்குள் பதினேழு மெழுகுவர்த்தி, இரண்டு பாட்டில் தண்ணீர், அவித்த முட்டை. சுனில்டா வைக்கோல் தொப்பி போட்டிருந்தாள். வழித்துணைக்கு வருகிறாளாம். பன்னிரண்டு படி கீழே லிசாந்த்ரோ தன் வாசலில், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குற்றவாளிபோல நின்றார். அன்று ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. அதைக் கேட்கும் நிலையில் பெலார்மீனோ இல்லை.

முதல் படியில் வலது காலை வைத்தார். பயந்து வைத்தார். இரண்டாவது படியில் பாரத்தை இடது காலுக்கு மாற்றினார். மூன்றாவது, நான்காவது. எர்சீலியா கைதட்டினாள். ஐந்தாவது படியில் இடுப்புக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். அவர் புத்தி முழுக்க அந்தக் கதவில் இருந்தது. ஆறாவது படி எங்கே இருக்கிறது என்று பார்க்க யாருமே மிச்சமில்லை.

உட்கார்ந்த வாக்கில் போனார். ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொரு படியும் அவரைக் கீழ்ப்படியிடம் ஒப்படைத்தது. பை வாய் திறந்தது. பதினேழு மெழுகுவர்த்தியும் அவரை முந்திக்கொண்டு தெருவைப் பார்க்க உருண்டன. அவித்த முட்டை ஒன்று அவற்றையும் முந்தியது. பன்னிரண்டாவது படியில் லிசாந்த்ரோ குறுக்கே பாய்ந்து இரண்டு கையாலும் அவரைப் பிடித்தார். ஐம்பது வருஷம் கூரைமேல் நடந்த கால் அசையவில்லை.

"ஐயோ!"

கத்தியது சுனில்டா. அறுபத்தெட்டு வயதில் பன்னிரண்டு படியை எப்படி இறங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. தொப்பி எங்கோ பறந்துவிட்டது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தலை, தோள், முழங்கை, கால் என்று ஒவ்வோர் எலும்பாகத் தடவிப் பார்த்தாள்.

"எங்கே பட்டுது? தலையில பட்டுதா? சொல்லேன்! வாயைத் திறந்து சொல்லேன்!"

பெலார்மீனோ அவள் முகத்தைப் பார்த்தார். மாவு பூசினதுபோல வெளுத்திருந்தது. இந்த முகத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். பெரிய நிலநடுக்கத்தன்று, துறைமுக வாசலில், வெளியே வருகிறவர்கள் நடுவில் அவரைத் தேடிக்கொண்டு அவள் நின்றபோது.

"ஒண்ணும் உடையலே" என்றார்.

"நிஜமா?"

"நிஜமா." பிறகு, எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாமல் வார்த்தை வந்துவிட்டது. "ஆனா இடுப்பு வலிக்குது சுனில்டா."

கீழே முட்டை இன்னும் உருண்டுகொண்டிருந்த சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

"இடுப்பு வலிக்குது. ஆகஸ்டுலேருந்து. காலுறை போட முடியலே. உட்கார முடியலே. எனக்கு இருமலே கிடையாது."

"அப்போ அந்தச் சீட்டு?"

"அது என்னோடது இல்லே. இவனோடது."

"தெரியும்" என்றாள் சுனில்டா. அவள் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"தெரியுமா? எப்படி?"

லிசாந்த்ரோ பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு கடலில் எதையோ தீவிரமாகத் தேடத் தொடங்கினார்.

"நீ கேட்ட அன்னிக்கே இவர் என்கிட்ட வந்துட்டார். 'சுனில்டாம்மா, உங்க புருஷன் இப்படி ஒரு வேலைக்குக் கூப்பிடறார், போகட்டுமா வேண்டாமா'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"போங்க. போய் நல்லா நில்லுங்கன்னேன்."

"அடப்பாவி லிசாந்த்ரோ! ரெண்டு நாள் பைனாகுலர் குடுத்தேனேய்யா!"

"அவங்க ஆப்பிள் கேக் குடுத்தாங்க" என்றார் லிசாந்த்ரோ, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அங்கேயே என்னைப் பிடிச்சிருக்கலாமே சுனில்டா?"

"பிடிச்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா? லிசாந்த்ரோ பொய், சீட்டு பொய், இடுப்பு பொய்ன்னு சாதிச்சிருப்பே. உன் வாயால வரணும். வந்தாத்தான் அந்த யாஸ்னாகிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போக முடியும். நீ முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் வலியை மறைச்சுக்கிட்டு இந்தப் படியில இறங்கறதை ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருக்க என்னால ஆகாது. முதல் படியிலயே வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். பாவி, அஞ்சு படி இறங்கிட்டியே! என் உசிரு போயிடுச்சு."

சொல்லிவிட்டு அவள் மூக்கை உறிஞ்சினாள். பெலார்மீனோ அவள் கையை எடுத்துத் தன் இடுப்பின்மேல் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ நேர்த்திக்கடன்?"

"நேர்ந்தது நிஜம்தான். உனக்கு வலிக்குதுன்னு நீயே சொல்லிட்டா, நான் நடந்து வரேன்னு நேர்ந்துக்கிட்டேன்."

"நான் நடக்கணும்னு சொன்னது?"

"அது பொய்."

"மாதா பேர்ல பொய்யா!"

"அதுக்கும் சேர்த்துத்தான் நடக்கப் போறேன்."

எர்சீலியா மெழுகுவர்த்திகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பதினாறு கிடைத்தன. சுனில்டா பையை வாங்கித் தோளில் மாட்டினாள், தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் அவளோடு புறப்பட்டார்கள்.

"லிசாந்த்ரோ, இவரை மேலே தூக்கிட்டுப் போங்க. பானையில சூப் இருக்கு. நாளன்னிக்கு யாஸ்னாகிட்ட போறோம். நீங்களும் வாங்க, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீ கேளு கிழவா. அங்கே ரெண்டு கால்லயும் நீயேதான் நிக்கப் போறே."

அவள் இறங்கத் தொடங்கினாள். பெலார்மீனோ படியில் உட்கார்ந்தபடி அவள் முதுகைப் பார்த்தார். முப்பத்தொரு கிலோமீட்டர் நடக்கப் போகிற முதுகு. மனசு இளகிவிட்டது. இவளுக்குத் தானும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பெரிய மனசோடு, எல்லாரும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"சுனில்டா! அந்த லிமாச்சே விஷயம்... நான் பிடிவாதம் பிடிக்கலே. கோடை போகட்டும். மழைக்காலம் வரட்டும். அப்புறம் உட்கார்ந்து நிதானமா யோசிப்போம். என்ன?"

சுனில்டா திரும்பவில்லை. கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

"யோசி கிழவா, நல்லா யோசி! அந்த வீட்டுச் சாவியை செப்டம்பர்லயே வாங்கிட்டேன். அங்கே நட்ட தக்காளி பூவே விட்டுடுச்சு!"